ஆச்சி வைக்காத முற்றுப்புள்ளி

ஒரு முற்றுப்புள்ளியால் எங்கள் அம்மாவும் சித்தியும் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. வைத்தது நான்தான். வைக்கும்போது அது ஒரு பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கீபோர்டில் இருக்கிற ஆகச் சின்ன எழுத்து அது.

2016 கோடை விடுமுறையில் தென்காசி வீட்டுப் பட்டாசலில் ஆச்சியை உட்காரவைத்து, வெற்றிலைச் செல்லத்துக்குப் பக்கத்தில் போனை வைத்து, பழைய கதையெல்லாம் பதிவு செய்தேன். ஏழு கோப்புகள், மொத்தம் நாலு மணி நேரம். மூன்று வருஷம் கழித்து ஆச்சி போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தக் கோப்புகளைத் திறக்கவே கை வரவில்லை. போன வருஷம்தான் ஒரு வேகம் வந்து, எல்லாவற்றையும் கேட்டுத் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கும் படிக்க வரட்டுமே என்று ஆச்சியின் பேச்சை ஓரளவு எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருந்தேன். அங்கேதான் வம்பு.

மறுநாள் காலை சித்தி போன் பண்ணினாள். ஆச்சியின் தங்கை, அதாவது எங்கள் சின்ன ஆச்சியின் மகள். ‘நல்லா இருக்கியா’ கூடக் கேட்கவில்லை. “ஏட்டி, எங்கம்மையக் கூப்பிட்டாவன்னு எழுதியிருக்கியே, எப்பக் கூப்பிட்டாவ? யாரு வந்து கூப்பிட்டா? நீ பாத்தியா?” நான் எங்கே பார்க்க, அம்மாவின் கல்யாணத்தில் நடந்தது அது, 1987. அக்காவும் தங்கையும் அதற்கு முன்னாலேயே ஒரு பித்தளை அண்டாவை வைத்துச் சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருந்தார்கள். அண்டா கதை இப்போது வேண்டாம். கல்யாணத்துக்குச் சின்ன ஆச்சி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு சின்ன ஆச்சி இருந்த அம்பாசமுத்திரத்தில் ஒரு கதை, தென்காசியில் ஒரு கதை. முப்பது வருஷமாக இரண்டும் தனித்தனியாக நிம்மதியாக இருந்தன. நான் எழுதி வைத்த வரி தென்காசிக் கதைக்குச் சாட்சி சொன்னமாதிரி ஆகிவிட்டது:

“நான் போய்க் கூப்பிட்டேன், அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் என்ன செய்ய?”

சித்தி போனை வைத்த பிறகு அந்தக் கோப்பைத் திறந்து அந்த இடத்தைக் கேட்டேன். ஆச்சி சொன்னது இது: “நான் போயிக் கூப்பிட்டு அவ வரமாட்டேன்னுட்டா நான் என்ன செய்ய.” அவ்வளவுதான். இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் இன்னொரு தடவை, ‘ஒருவேளை அப்படி ஆகிவிட்டால்’ என்ற நினைப்போடு சொல்லிப் பாருங்கள்.

‘னுட்டா’ என்பது ‘என்றுவிட்டாள்’ ஆகவும் இருக்கலாம், ‘என்றுவிட்டால்’ ஆகவும் இருக்கலாம். பேச்சில் கடைசி ள்-உம் போய்விடுகிறது, கடைசி ல்-உம் போய்விடுகிறது, மிஞ்சுவது ஒரு ‘ஆ’. ‘வந்தா’ என்றால் வந்தாளா வந்தாலா, ‘சொல்லிட்டா’ என்றால் சொல்லிவிட்டாளா சொல்லிவிட்டாலா? ள் போட்டால் அங்கே வாக்கியம் முடிந்துவிடும், புள்ளி வைக்கலாம். ல் போட்டால் முடியாது, அடுத்ததோடு சேர்ந்துதான் நிற்கும். முதலாவதில் ஆச்சி அம்பாசமுத்திரம் போனாள், கூப்பிட்டாள், தங்கை மறுத்தாள். இரண்டாவதில் ஆச்சி போகவே இல்லை. போய், அவள் மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டாள். பிடிவாதக்காரி யார் என்பதே மாறிவிடுகிறது. ‘னுட்டாக்க’ என்று சொல்லியிருந்தால் அது ‘என்றுவிட்டால்’ மட்டும்தான், நான் தப்பித்திருப்பேன், சில சமயம் ஆச்சி அப்படித்தான் சொல்லுவாள். அன்றைக்குச் சொல்லவில்லை.

வாக்கியம் எங்கே இருந்தது?

தட்டச்சு செய்ய உட்கார்ந்த முதல் இருபது நிமிஷத்திலேயே எனக்கு ஒன்று விளங்கியிருக்க வேண்டும்: ஆச்சி வாக்கியங்களில் பேசவில்லை. ஒரு துண்டு அப்படியே தருகிறேன்:

“அன்னைக்கு வெள்ளிக்கெழம பாத்துக்க காலைல எந்திச்சு வாசத் தெளிச்சுக் கோலம் போட்டு உள்ள வாரேன் இவரு இருக்காரு நாக்காலில ஒண்ணும் சொல்லல நானும் கேக்கல ஏன் கேக்கணும்ங்கேன் அப்பறம் பால்காரன் வந்தான்”

இதில் எத்தனை வாக்கியம்? நான் எழுதியபோது ஐந்து. அதே துண்டை என் தம்பி எழுதியிருந்தால் மூன்றோ எட்டோ ஆகியிருக்கும். ஆனால் கேட்கும்போது ஒரு குழப்பமும் இல்லை, அதுதான் வேடிக்கை. பட்டாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது ‘இது எங்கே முடிகிறது’ என்று ஒருதரம் கூட நான் யோசிக்கவில்லை. காது தானாகவே வெட்டி வெட்டி உள்ளே போட்டுக்கொண்டது. வெற்றிலையைக் காம்பு கிள்ளி அடுக்குகிற மாதிரி, கை தன்பாட்டுக்கு வேலை செய்ய, பேச்சு தன்பாட்டுக்குப் போகும். எழுத உட்கார்ந்தபோதுதான் வெட்டின இடம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம்தான். வாலஸ் சேஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1975-இல் ஒரு ஆறு நிமிஷப் படம் எடுக்க வைத்தார். ஒருவர் மரத்தில் பேரிக்காய் பறிக்கிறார், ஒரு பையன் சைக்கிளில் வந்து ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான், படம் முழுக்க வசனமே கிடையாது. பல நாட்டு ஆட்களுக்கு அதைப் போட்டுக் காட்டி ‘என்ன பார்த்தாய், சொல்’ என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். பேச்சு ஆறுமாதிரி ஓடவில்லை, காலடி எடுத்து வைக்கிற மாதிரி சின்னச் சின்ன எட்டுகளாக வருகிறது என்று சேஃப் சொன்னார். ஒரு எட்டுக்கு ஒரு ராகம், ஒரு எட்டுக்குப் பெரும்பாலும் ஒரு புது விஷயம்தான். ஆங்கிலத்தில் ஒரு எட்டு நாலைந்து சொல் இருக்குமாம். ஆச்சிக்கு இரண்டு மூன்று போதும், நம் சொற்களே நீளமானவை. எந்திச்சு. வாசத் தெளிச்சு. கோலம் போட்டு. உள்ள வாரேன்.

அதோடு ஆச்சி கையில் சில ஆணிகள் இருந்தன. ‘பாத்துக்க’ ஒரு ஆணி. அதற்கு ‘பார்த்துக்கொள்’ என்று பொருள் கிடையாது. ‘இதுவரைக்கும் சொன்னதைப் பிடித்து வைத்துக்கொள், அடுத்தது வருது’ என்பதுதான் பொருள். ‘அப்பறம்’ ஒன்று. ‘ங்கேன்’ ஒன்று. ‘ன்னு’ இருக்கிறதே, அது இவற்றிலெல்லாம் வினோதமானது. எழுத்தில் மேற்கோளுக்குத் திறக்கிற குறியும் உண்டு, மூடுகிற குறியும் உண்டு. பேச்சுத் தமிழில் மூடுகிறது மட்டும்தான். ‘வரமாட்டேன்’ என்ற சொல் காதில் விழும்போது அது ஆச்சியே சொல்வது போலத்தான் இருக்கிறது, ‘ன்னு’ வந்த பிறகுதான் ஓஹோ இது தங்கச்சி சொன்னது என்று பின்னால் போய்த் திருத்திக்கொள்கிறோம். வினைச்சொல்லும் கடைசியில் வருகிற மொழி நம்முடையது. முடிவு தெரியும்வரை எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன வயதில் வானொலியில் ‘செய்திகள் வாசிப்பது’ என்று கேட்டுவிட்டு அந்த ‘வாசிப்பது’ என்பதை வாசிக்கிறவரின் இனிஷியல் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பாக்குவெட்டி

சரி, அந்த வரிக்கு வருவோம். சித்தியிடம் ‘ஆச்சி அப்படித்தான் சொன்னாள்’ என்று அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு பெரிய ஆதாரம் இருந்தது, அல்லது இருந்ததாக நினைத்தேன். ‘னுட்டா’ என்று ஆச்சி சொன்னதும் ஒரு ‘டக்’. பாக்குவெட்டிச் சத்தம். பேச்சை முடித்து, பாக்கை வெட்டி, அப்புறம் ‘நான் என்ன செய்ய’. கோப்பை எத்தனை தடவை ஓட்டினாலும் அப்படித்தான் கேட்டது. வெட்டினாள் என்றால் முடித்தாள் என்றுதானே அர்த்தம்?

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் கோப்பைத் திறந்து ஒலியைப் படமாகப் பார்த்தேன். முதல் ஆச்சரியம், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. எழுத்தில் நாம் விடுகிற அந்த வெள்ளை இடம் ஒலியில் எங்கேயும் காணோம். ‘அவ’வும் ‘வரமாட்டே’யும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து கிடக்கின்றன. மாறாக, நல்ல பளிச்சென்ற இடைவெளிகள் சொல்லுக்கு உள்ளேதான் இருந்தன. ‘கூப்பிட்டு’வில் ‘ப்ப்’ என்று உதடு மூடுகிற இடத்தில் ஒரு மௌனம், ‘ட்ட்’ என்று நாக்கு ஒட்டுகிற இடத்தில் இன்னொரு மௌனம். எந்த மெஷினாவது மௌனத்தைப் பார்த்துச் சொல் பிரித்தால் ‘கூப்’ ஒரு சொல், ‘பிட்’ ஒரு சொல், ‘டு’ ஒரு சொல் என்று பிரித்துவைக்கும். காதில் நமக்குக் கேட்கிற இடைவெளிகள் காற்றில் இல்லை, அவற்றை நாம்தான் போட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, அந்த ‘டக்’. படத்தில் அது ஊசிமாதிரி நிமிர்ந்து நின்றது, தப்பவே வழியில்லை. ஆனால் நின்ற இடம் ‘னுட்டா’வுக்குப் பின்னால் இல்லை. ‘நான்’ முடிந்து, ‘என்ன’வின் நடுவில் நின்றது. திரும்பக் கேட்டேன், ‘னுட்டா’வுக்குப் பின்னால்தான் கேட்டது. படத்தைப் பார்த்தேன், ‘என்ன’வுக்குள்தான் இருந்தது. கண்ணை மூடிக் கேட்டால் ஒன்று, திறந்து பார்த்தால் ஒன்று. ஹெட்போனை மாற்றினேன். அப்புறம் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, ‘என்ன’வை மட்டும் ஓட்டினேன். ‘என்’ டக் ‘ன’. ராத்திரி பதினோரு மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து இதை ஓட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது. ஆச்சி பேச்சின் நடுவில் பாக்கை வெட்டியிருக்கிறாள். நான் அந்தச் சத்தத்தைத் தூக்கிக்கொண்டுபோய் எனக்கு வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறேன், அதையே எனக்கு ஆதாரமாகவும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது, இது எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. 1965-இல் ஜெர்ரி ஃபோடர், தாமஸ் பெவர் என்ற இரண்டு பேர் கிட்டத்தட்ட இதையே வேண்டுமென்று செய்து பார்த்திருக்கிறார்கள். ஹெட்போனில் ஒரு காதில் வாக்கியம், மற்றக் காதில் ஒரு ‘க்ளிக்’. கேட்டவர் வாக்கியத்தை எழுதி, க்ளிக் எங்கே கேட்டது என்று குறிக்க வேண்டும். தப்பாகக் குறித்தவர்கள் கண்டபடிக்குக் குறிக்கவில்லை, வாக்கியத்தின் பெரிய மூட்டு எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளிக் குறித்தார்கள். சரியாக மூட்டிலேயே விழுந்த க்ளிக்கைத்தான் அதிகம் பேர் சரியாகச் சொன்னார்கள். க்ளிக் கேட்கும்போதே நகர்கிறதா, எழுதும்போது நினைவில் நகர்கிறதா என்று பின்னால் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் எழுதாமல் கேட்டாலும் நகர்ந்தது, ஆனால் நான் நடுநிலையான ஆள் இல்லை, அம்மாவின் மகள்.

செம்பொன்பதின்தொடி

இதைத் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. “இதென்ன புதுசா, தொல்காப்பியத்துல இருக்கே” என்றார். எதைச் சொன்னாலும் இதைச் சொல்கிற ஆட்கள் உண்டு, எனக்கு அவர்களைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே இருந்தது. புணரியலில்: ‘எழுத்தோ ரன்ன பொருள்தெரி புணர்ச்சி இசையின் திரிதல் நிலைஇய பண்பே.’ எழுத்து ஒரே மாதிரி இருந்தும் பொருள் வேறுபடுகிற சேர்க்கைகளை இசை பிரித்துக் காட்டும். அதற்கு உரைகாரர்கள் தருகிற எடுத்துக்காட்டுதான் ‘செம்பொன்பதின்தொடி’. தொடி என்பது ஒரு நிறை. பொன்னைப் பற்றிப் பேச்சு நடந்தால் ‘செம்பொன் பதின்தொடி’, பத்துத் தொடி தங்கம். செம்பைப் பற்றிப் பேச்சு நடந்தால் ‘செம்பு ஒன்பதின்தொடி’, ஒன்பது தொடி செம்பு. எழுத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. எங்கே மூச்சை வெட்டுகிறோம் என்பதில் தங்கம் செம்பாகிவிடும். ஓலையில் சொல்லிடைவெளியும் கிடையாது, மெய்க்குப் புள்ளி வைப்பதும் அபூர்வம், முற்றுப்புள்ளி எல்லாம் அச்சோடு நம்மிடம் வந்தது. ஓலை படித்தவர்கள் ஒவ்வொரு வரியிலும் நான் அந்த ராத்திரி பார்த்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு அதைவிட அடுத்த நூற்பாதான் பிடித்தது. இவை குறிப்பால் பொருள் உணரப்படுபவை, இன்ன எழுத்தால் இப்படி என்று விதி சொல்ல முடியாது என்கிறது. அந்தக் குறிப்புக்குத் தொல்காப்பியர் சொல் ‘முன்னம்’. இலக்கணம் எழுதுகிறவர் ‘இங்கே என் இலக்கணம் உதவாது, ஆளையும் இடத்தையும் பாருங்கள்’ என்று ஒதுங்கிக்கொள்கிறாரே, அது எல்லோருக்கும் வராது.

சரி, இசையைப் பார்ப்போம் என்று இசைக்குப் போனேன். முடிந்த வாக்கியம் என்றால் குரல் இறங்கும், ‘ஆல்’ என்றால் ‘ஆ’ மேலேயே தொங்கி நிற்கும். பெரும்பாலான ஆட்களுக்கு இது சரி. ஆச்சியின் ‘னுட்டா’ இறங்கவில்லை, கொஞ்சம் இழுத்து மேலேயே நின்றது. ஆஹா, ஆல்தான், சித்தி சொன்னதுதான் சரி என்று முடிவு கட்டினேன். ஒரு நாள்தான் அந்த முடிவு நின்றது. வேறு கோப்பில் ஆச்சி தன் அம்மாவின் சாவைச் சொல்கிற இடம்: “மறுநா வெடியக்கால செத்துப் போயிட்டா.” அங்கே எந்த ஆலுக்கும் இடமில்லை, செத்தே போய்விட்டாள். அந்த ‘டா’வும் அதே மாதிரி இழுத்து மேலேதான் நிற்கிறது. சங்கடமான எதையும் ஆச்சி அப்படித்தான் சொல்வாள், இறக்கி வைக்க மாட்டாள். இசையும் கைவிட்டது.

வீட்டு ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஆச்சி பேச்சில் ஒரு நிமிஷத்தைக் குறி எதுவும் இல்லாமல் காகிதத்தில் அடித்துக் கொடுத்து, ஒலியை ஓட்டி, எங்கே முடிகிறமாதிரி இருக்கிறதோ அங்கே கோடு போடச் சொன்னேன். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் அன்னா மௌரானென் குழுவினர் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். டேப்லெட்டில் பேச்சு ஓடும், எழுதின வடிவம் திரையில் இருக்கும், ஒரு துண்டு முடிகிறதாகத் தோன்றுகிற இடத்தில் தட்ட வேண்டும். துண்டு என்றால் என்ன என்று அவர்கள் விளக்கவே இல்லை, மனசுக்குத் தோன்றியபடி தட்டச் சொன்னார்கள். அப்படியும் பலருடைய தட்டுகள் ஒரே இடங்களில் போய்ச் சேர்ந்துவிட்டன. என் வீட்டிலும் ‘பாத்துக்க’வுக்குப் பின்னால் எல்லோரும் கோடு போட்டார்கள், ‘அப்பறம்’-க்கு முன்னால் எல்லோரும் போட்டார்கள். சென்னையில் வளர்ந்த என் வீட்டுக்காரர் கூட. அந்த ஒரு வரியில் மட்டும் அம்மா ‘னுட்டா’வுக்குப் பின்னால் பேனா அழுந்தக் கோடு போட்டாள். சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாளில் அந்த இடத்தில் கோடு இல்லை, ‘என்ன செய்ய’வுக்குப் பின்னால்தான் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அண்டா கதை தெரியாது. அவர் அங்கே கோடு போட்டு, அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார்.

கடையம் வண்டி

கடைசியில் எனக்கு ஒரு பக்கம் சாய்மானம் கிடைத்தது பஸ்ஸால். நாலு மணி நேரப் பதிவையும் இன்னொரு தடவை முழுசாகக் கேட்டேன், இந்தத் தடவை தட்டச்சு எதுவும் செய்யாமல். ஆச்சி எங்கே போன கதையைச் சொன்னாலும் எப்படிப் போனாள் என்று சொல்லாமல் விடுவதில்லை. திருநெல்வேலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது, எந்த வண்டி, ஆலங்குளத்தில் எவ்வளவு நேரம் நின்றது, பக்கத்து சீட்டில் யார். குற்றாலத்துக்குக் குளிக்கப் போன கதையில் பஸ்தான் முக்கால்வாசி, அருவி கால்வாசிக்கும் கம்மி. அம்பாசமுத்திரத்துக்குப் போக வேண்டுமென்றால் கடையம் வழியாகப் போகிற வண்டி. மற்றப் பயணங்களில் இரண்டு தடவை அந்த வண்டி வருகிறது, பொட்டல்புதூரில் ஒருவர் ஆட்டோடு ஏறினது உட்பட. தங்கச்சியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போன கதையில் வண்டியே இல்லை. போய் இறங்கினது இல்லை, வாசலில் நின்றது இல்லை, காப்பி கொடுத்தார்களா இல்லையா என்பது இல்லை. ஆச்சி ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்து காப்பியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பாளா?

போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். கோர்ட்டில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஆச்சியோடு பழகின காது அந்த வரியை இப்போது அப்படித்தான் வெட்டுகிறது, பாக்குவெட்டி எங்கே விழுந்தாலும் சரி. சித்தியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “பயந்திருக்கா, பாரேன்” என்றாள், அப்புறம் உடனே வேறு ஏதோ பேச்சுக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் பஸ் கதையைச் சொல்லிப் பார்த்தேன். “ஒவ்வொண்ணுக்கும் பஸ்ஸா சொல்லிக்கிட்டு இருப்பாவ” என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

பிடிஎஃப்பைத் திருத்தினேன். அந்த வரியை மட்டும் எழுத்துத் தமிழில் இருந்து எடுத்து, ஆச்சி சொன்னபடியே போட்டேன், ள்-உம் இல்லாமல் ல்-உம் இல்லாமல், நடுவிலும் கடைசியிலும் ஒரு குறியும் வைக்காமல். பதிவில் அதற்கப்புறம் கொஞ்சம் மௌனம், பிறகு “சரி, அந்தச் சுண்ணாம்ப எடு”. அதையும் சேர்த்தேன். புதுப் பிரதியைக் குழுவில் போட்ட பத்தாவது நிமிஷம் அம்மாவிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ்: “பதினேழாம் பக்கத்துல ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போச்சு, சரி பண்ணிரு.”